பழைய கணினி, புதிய விளையாட்டு: பாகம் மாற்றும் வழக்கத்தின் வரலாறு

மேசைக் கணினியை முழுதாக மாற்றாமல், அதன் ஒன்றிரண்டு பாகங்களை மட்டும் மாற்றிப் புதிய விளையாட்டுகளை ஓடவைக்கும் வழக்கம் 1980களில் பிறந்தது. தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டுக் கருவிகளில் இது வேரூன்றவில்லை. அவற்றில் பழுதான பாகத்துக்குப் பதில் அதே பாகத்தைப் போடலாம். அதைவிட வேகமான ஒன்றைப் போடப் பெரும்பாலும் இடமில்லை. மேசைக் கணினியில் அது முடிந்ததற்குக் காரணங்கள் இரண்டு. பாகங்களை இணைக்கும் முறை எல்லா உற்பத்தியாளர்களுக்கும் பொதுவாக இருந்தது முதல் காரணம். விளையாட்டுகள் கணினியின் எல்லாப் பாகங்களையும் ஒரே அளவில் சோதிப்பதில்லை என்பது இரண்டாவது. ஒவ்வொரு காலத்திலும் ஏதோ ஒரு பாகம்தான் மற்றவற்றைத் தேக்கி நிறுத்தியது. அந்த ஒன்றைக் கண்டறிந்து அதற்கு மட்டும் செலவழித்தவர்கள் குறைந்த பணத்தில் நிறைந்த பயன் பெற்றார்கள்.

திறந்து வைக்கப்பட்ட பெட்டி

ஐபிஎம் நிறுவனம் தன் தனிநபர் கணினியை 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்டது. ஃபுளோரிடாவின் போகா ரேடன் நகரில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையிலான ஒரு சிறு குழு அதை உருவாக்கியது. வேலையை விரைவாக முடிக்க வேண்டியிருந்ததால், வெளிச்சந்தையில் கிடைத்த பாகங்களைக் கோத்தே அக்குழு கணினியை அமைத்தது. இன்டெல் 8088 செயலி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அடிப்படை மாதிரியில் 16 கிலோபைட் நினைவகம் இருந்தது. விலை 1,565 டாலர். மதர்போர்டில் கூடுதல் கார்டுகளைச் செருக ஐந்து ஸ்லாட்டுகள் இருந்தன. கணிதத் துணைச்செயலிக்கென ஒரு சாக்கெட்டும் காலியாக விடப்பட்டிருந்தது. சுற்று வரைபடங்களும் கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரலும் அடங்கிய தொழில்நுட்பக் கையேட்டை ஐபிஎம் வெளியாருக்கும் விற்றது.

இதனால் அந்த ஸ்லாட்டில் பொருந்தும் கார்டை யார் வேண்டுமானாலும் செய்ய முடிந்தது. ஐந்து ஸ்லாட்டுகளில் திரைக்கு ஒன்றும் ஃபிளாப்பிக்கு ஒன்றும் போய்விடும் என்பதால், மிஞ்சிய இடம் குறைவு. ஏஎஸ்டி ரிசர்ச் நிறுவனத்தின் ‘சிக்ஸ்பேக் பிளஸ்’ கார்டு அந்தக் குறையைத் தீர்த்தது. கூடுதல் நினைவகம், கடிகாரம், சீரியல் போர்ட், பிரிண்டர் போர்ட் எல்லாம் ஒரே கார்டில் அடங்கின. பழைய கணினிக்குப் புதிய வலு தரும் கார்டுகளில் முதலில் பெரும் விற்பனை கண்டவற்றுள் இதுவும் ஒன்று.

1982இல் காம்பேக் நிறுவனம் ஐபிஎம் பயாஸுக்கு இணையான ஒன்றைத் தானே எழுதி, ஐபிஎம் கணினியோடு ஒத்தியங்கும் கணினியை அறிவித்தது. 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் தன் பயாஸை எல்லா உற்பத்தியாளர்களுக்கும் விற்கத் தொடங்கியது. தன் கையைவிட்டுப் போன சந்தையை மீட்க ஐபிஎம் 1987இல் ‘மைக்ரோ சேனல்’ என்ற புதிய ஸ்லாட்டைக் கொண்டுவந்தது. அதைப் பயன்படுத்த உரிமக் கட்டணம் தர வேண்டும். பழைய கார்டுகள் அதில் பொருந்தா. காம்பேக் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் 1988இல் ஒன்றுகூடி, பழைய கார்டுகளையும் ஏற்கும் மாற்று முறையை அறிவித்தன. மைக்ரோ சேனல் சந்தையில் நிலைக்கவில்லை. வாங்கியவரின் கையில் இருந்த பழைய கார்டுக்கு மதிப்புக் கொடுத்த பக்கம்தான் வென்றது.

நிறம், ஒலி, நினைவகம்

தொடக்கக் கால விளையாட்டுகளைத் தடுத்தது திரைதான். ஐபிஎம்மின் முதல் வண்ணக் கார்டு 320×200 புள்ளிகளில் நான்கு நிறங்களையே காட்டியது. 1984இல் வந்த இஜிஏ 16 நிறங்களையும், 1987இல் வந்த விஜிஏ அதே 320×200 அளவில் 256 நிறங்களையும் தந்தன. செயலியை மாற்றாமல் கார்டையும் மானிட்டரையும் மாற்றியவர்களுக்கு அதே கணினி வேறு கணினியாகத் தோன்றியது.

அடுத்து ஒலி. கணினியோடு வந்த சிறு ஸ்பீக்கரால் ஒற்றைச் சுரத்தில் கீச்சிட மட்டுமே முடிந்தது. கனடாவின் அட்லிப் நிறுவனம் 1987இல் யமஹா சிப்பைக் கொண்டு இசைக் கார்டு ஒன்றை வெளியிட்டது. சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி 1989இல் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ கார்டைக் கொண்டுவந்தது. அட்லிப்புக்காக எழுதப்பட்ட இசையை அது அப்படியே வாசித்தது. பதிவுசெய்த குரலையும் ஒலித்தது. ஜாய்ஸ்டிக் இணைக்கும் போர்ட்டும் அதிலேயே இருந்தது. தனியாக ஜாய்ஸ்டிக் கார்டு வாங்கும் செலவு மிச்சமானது. ஒரு ஸ்லாட்டில் மூன்று வேலை நடந்ததே அதன் வெற்றிக்குப் பெரிய காரணம்.

மூன்றாவது தடை நினைவகம். டாஸ் இயங்குதளத்தில் நிரல்கள் நேரடியாகப் பயன்படுத்தக்கூடிய நினைவகம் 640 கிலோபைட்டுக்குள் அடங்கியது. சிடி டிரைவ், மவுஸ், ஒலி கார்டு ஆகியவற்றின் டிரைவர்கள் அதிலேயே இடம் பிடித்தன. விளையாடுபவர்கள் கான்ஃபிக், ஆட்டோஎக்ஸெக் கோப்புகளைத் திருத்தி, தேவையற்ற டிரைவர்களை நீக்கி, ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி பூட் ஃபிளாப்பி வைத்துக்கொண்டார்கள். பணமே செலவழிக்காத மேம்பாடு என்ற பழக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

டூமும் குவேக்கும்

ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ‘டூம்’ 1993 டிசம்பர் 10 அன்று வெளியானது. அதற்கு 386 செயலியும் 4 மெகாபைட் நினைவகமும் வேண்டும். சீராக ஓட 486 வேண்டும். செயலி வலுக்குறைந்தவர்களுக்காக, ஆட்டம் தெரியும் சட்டகத்தைச் சுருக்கவும் நுணுக்கத்தைக் குறைக்கவும் விளையாட்டிலேயே வசதி இருந்தது. தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டும் இந்த அமைப்பு பின்னர் எல்லாக் கணினி விளையாட்டுகளுக்கும் பொதுவானது.

செயலியே தடையாக நின்ற இக்காலத்தில், அதை மட்டும் மாற்றும் வழியை இன்டெல் தானே விற்றது. 1992இல் வந்த ‘ஓவர்டிரைவ்’ செயலிகள் பழைய 486 மதர்போர்டில் அமர்ந்து, உள்ளே இருமடங்கு வேகத்தில் ஓடின. போர்டும் நினைவகமும் கேபினட்டும் அப்படியே இருந்தன.

1996இல் வந்த ‘குவேக்’ முழு முப்பரிமாண உலகைக் காட்டியது. அதன் கணக்குகள் தசம எண் கணக்குகளைச் செய்யும் பிரிவைப் பெரிதும் நம்பியிருந்தன. பென்டியம் செயலியில் அப்பிரிவு வலுவானது. சைரிக்ஸ் 6எக்ஸ்86 அலுவலக வேலைகளில் பென்டியத்துக்கு ஈடுகொடுத்தது, விலையும் குறைவு, ஆனால் குவேக்கில் தெளிவாகப் பின்தங்கியது. விலையையும் மெகாஹெர்ட்ஸையும் மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, ஓட்டப்போகும் விளையாட்டு எதைக் கேட்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும் என்ற பாடம் அப்போது பரவலாக உணரப்பட்டது.

பக்கத்தில் செருகிய முப்பரிமாணம்

முப்பரிமாணக் கணக்கைச் செயலியின் தோளிலிருந்து இறக்கி வைத்தது 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் ‘வூடூ’ சிப். அது 1996இல் வீட்டுக் கணினிக்கு வந்தது. அதற்கு முன் இத்தகைய வன்பொருள் பெரும்பாலும் விளையாட்டரங்க எந்திரங்களுக்கும் விலையுயர்ந்த பணிநிலையங்களுக்கும் உரியதாக இருந்தது. 1996இல் நினைவகச் சிப்களின் விலை சரிந்ததால், 4 மெகாபைட் கொண்ட வூடூ கார்டை சுமார் 300 டாலருக்கு விற்க முடிந்தது.

வூடூ கார்டுக்கு இரு பரிமாணப் படம் காட்டத் தெரியாது. அதனால் பழைய கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு சிறு கேபிள் பழைய கார்டின் படத்தை வூடூ வழியாக மானிட்டருக்கு அனுப்பும். விளையாட்டு தொடங்கியதும் வூடூ திரையைத் தன் வசம் எடுத்துக்கொள்ளும். ஒரு காலி பிசிஐ ஸ்லாட் இருந்தால் போதும். 1997 தொடக்கத்தில் குவேக்கின் முப்பரிமாணக் கார்டுப் பதிப்பு வந்ததும், கரடுமுரடாகத் தெரிந்த சுவர்கள் மென்மையாயின. திரையின் நுணுக்கமும் வேகமும் கூடின. 1998இல் வந்த வூடூ 2 கார்டுகளில் இரண்டை ஒன்றாகப் பூட்டி வேகத்தை மேலும் கூட்டலாம். முதலில் ஒன்று, பணம் சேர்ந்ததும் மற்றொன்று என வாங்கியவர்கள் உண்டு.

என்விடியா 1999இல் ஜிஃபோர்ஸ் 256 கார்டை வெளியிட்டது. அதற்கு முன் செயலி செய்துவந்த வடிவியல் கணக்குகளையும் அதுவே ஏற்றுக்கொண்டது. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் முக்கியச் சொத்துகளை என்விடியா வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. அன்றுமுதல் மேம்பாடு என்றாலே கிராஃபிக்ஸ் கார்டு என்ற எண்ணம் வலுத்தது.

மறைந்திருந்த வேகம்

குறைந்த விலையில் உயர்ந்த பயன் என்பதற்கு வரலாற்றில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் பாகம் இன்டெல் செலரான் 300ஏ. அது 1998 ஆகஸ்டில் வந்தது. அதற்கு முந்தைய செலரானில் இரண்டாம்நிலை கேஷ் நினைவகமே இல்லை. அதனால் அது மந்தமாக இருந்தது. 300ஏவில் 128 கிலோபைட் கேஷ் செயலியின் உள்ளேயே, செயலியின் முழு வேகத்தில் ஓடியது. விலையுயர்ந்த பென்டியம் 2வில் 512 கிலோபைட் இருந்தாலும் அது பாதி வேகத்தில்தான் ஓடியது.

மதர்போர்டின் பஸ் வேகத்தைப் பெருக்கிச் செயலியின் வேகத்தைத் தரும் பெருக்கெண், செலரானில் 4.5 எனப் பூட்டப்பட்டிருந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் அது 300 மெகாஹெர்ட்ஸ். பஸ்ஸை 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் 450. பென்டியம் 2வின் அன்றைய உச்ச வேகமும் அதுவே. ஏபிட் பிஎச்6 போன்ற மதர்போர்டுகளில் இதை பயாஸ் திரையிலேயே மாற்றலாம். அந்த வசதி இல்லாத போர்டுகளில், கார்ட்ரிட்ஜின் பி21 என்ற ஒரு தொடுமுனையை டேப் ஒட்டி மறைத்தாலே பஸ் வேகம் 100க்குத் தாவியது. பல மடங்கு விலை கொடுத்து வாங்க வேண்டிய வேகம் இவ்வாறு சாதாரண வாங்குபவரின் கைக்கு வந்தது.

உற்பத்தியாளர்கள் ஒரே சிப்பை வெவ்வேறு பெயர்களில் வெவ்வேறு விலைக்கு விற்றதும் இத்தகைய வாய்ப்புகளைத் திறந்தது. 2000இல் வந்த ஏஎம்டி ட்யூரான், அத்லான் செயலிகளின் மேற்பரப்பில் அறுக்கப்பட்டிருந்த சிறு இணைப்புகளைப் பென்சில் கரியால் சேர்த்தால் பெருக்கெண் திறந்துகொண்டது. ஏடிஐ ரேடியான் 9500 கார்டுகளில் சிலவற்றை டிரைவர் மாற்றத்தால் 9700 ஆக்க முடிந்தது. குறையுள்ள சிப் என்றால் திரையில் சதுரங்கக் கட்டங்கள் தோன்றும். 2009இல் ஏஎம்டியின் மூன்று கோர் ஃபினம் 2 செயலிகள் பலவற்றில் நான்காவது கோரை பயாஸ் வழியாக எழுப்ப முடிந்தது. இவை எல்லாம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தவை. எந்தச் சிப் தேறும் என்று வாங்கும் முன் யாராலும் சொல்ல முடியாது.

இந்தியக் கடைத்தெருக்கள்

இந்தியாவில் இந்த வழக்கத்தை வளர்த்தவை அசெம்பிள்டு கணினிகள். 1990களில் இறக்குமதி வரி உயர்ந்திருந்தது. பெரிய நிறுவனங்களின் கணினி நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பூட்டித் தரும் கடைகள் சென்னை ரிச்சி தெரு, டெல்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் சாலை, பெங்களூரு எஸ்.பி. சாலை ஆகிய இடங்களில் பெருகின. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் இந்தியா 1997இல் சேர்ந்தது. அதன்படி கணினிப் பொருள்களின் சுங்க வரி படிப்படியாகக் குறைந்து 2005இல் நீங்கியது. அசெம்பிள் செய்த கடையிலேயே பழைய பாகத்தைக் கொடுத்து, மிச்சப் பணம் கட்டிப் புதியதை வாங்கும் முறையும் நிலைபெற்றது.

2000களின் தொடக்கத்தில் இவ்வாறு பூட்டப்பட்ட கணினிகளில் இன்டெல் 845, 865 வகை மதர்போர்டுகள் அதிகம். அவற்றின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ், பொது நினைவகத்திலிருந்தே தனக்கும் பங்கு எடுத்துக்கொண்டது. புதிய விளையாட்டுகள் பல அதில் தடுமாறின. சில தொடங்கவே மறுத்தன. கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி ஸ்லாட் உள்ள போர்டு என்றால் ஒரு மலிவான ஜிஃபோர்ஸ் கார்டில் சிக்கல் தீர்ந்தது. ஆனால் 845ஜிஎல், 845ஜிவி, 865ஜிவி போர்டுகளில் ஏஜிபி ஸ்லாட்டே கிடையாது. வாங்கும்போது சில நூறு ரூபாய் மிச்சப்படுத்தியவர்கள், பின்னர் பழைய பிசிஐ ஸ்லாட்டுக்கான வேகங்குறைந்த கார்டுகளைத் தேடி அலைந்தார்கள்.

ஸ்லாட் மாறிய காலம்

2004இல் ஏஜிபிக்குப் பதிலாகப் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வந்தது. ‘டூம் 3’, ‘ஹாஃப் லைஃப் 2’ ஆகிய விளையாட்டுகளும் அதே ஆண்டில் வந்தன. ஏஜிபி போர்டு வைத்திருந்தவர்கள் கிராஃபிக்ஸ் கார்டோடு மதர்போர்டு, செயலி, நினைவகம் எல்லாவற்றையும் மாற்ற நேர்ந்தது. இந்த இடைவெளியை நிரப்ப, இரு முறைகளையும் இணைக்கும் பால சிப் கொண்ட ஏஜிபி கார்டுகள் வெளிவந்தன. ஜிஃபோர்ஸ் 6600 ஜிடி அவற்றில் புகழ்பெற்றது. 2008இல்கூட ரேடியான் எச்டி 3850 ஏஜிபி வடிவில் கிடைத்தது.

தைவானின் அஸ்ராக் நிறுவனம் இன்னொரு வழி கண்டது. அதன் 775டூயல்-விஎஸ்டிஏ மதர்போர்டில் ஏஜிபி, பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டும் இருந்தன. டிடிஆர், டிடிஆர்2 நினைவகங்கள் இரண்டுக்கும் ஸ்லாட் இருந்தது. 2006இல் வந்த கோர் 2 டுவோ செயலியையும் அது ஏற்றது. பழைய கார்டையும் பழைய ராமையும் வைத்துக்கொண்டு முதலில் செயலியை மட்டும் மாற்றலாம்; மற்றவற்றைப் பிறகு ஒவ்வொன்றாக மாற்றலாம். செலவைத் தவணையாகப் பிரித்துக்கொள்ள உதவிய இத்தகைய போர்டுகள் பின்னர் அரிதாகிவிட்டன.

அலுவலகத்திலிருந்து வந்த கணினிகள்

2010க்குப் பிறகு செயலிகளின் முன்னேற்றம் மெதுவானது. 2011 ஜனவரியில் வந்த இன்டெல் ஐ5-2500கே பல ஆண்டுகள் விளையாட்டுக்கு ஈடுகொடுத்தது. அதே தலைமுறைச் செயலிகள் கொண்ட அலுவலகக் கணினிகள் குத்தகை முடிந்து மலிவு விலையில் சந்தைக்கு வந்தன. அவற்றில் இருந்த குறை மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ். 300 வாட்டுக்கும் குறைவான திறன், கிராஃபிக்ஸ் கார்டுக்கான தனி மின் இணைப்பு இல்லாமை, பொது ஏடிஎக்ஸ் முறையில் சேராத கனெக்டர்கள் ஆகியவை வழியை மறித்தன.

2014 பிப்ரவரியில் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ இந்தத் தடையை நீக்கியது. அதற்கு 60 வாட் மின்சாரமே தேவை. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டே 75 வாட் தரும் என்பதால், பல மாதிரிகளுக்குத் தனி மின் இணைப்பு வேண்டியிருக்கவில்லை. 2016இல் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019இல் ஜிடிஎக்ஸ் 1650 ஆகியவையும் இதே வழியில் வந்தன. பழைய அலுவலகக் கணினி, இன்னொரு ராம், ஓர் எஸ்எஸ்டி, இத்தகைய ஒரு கார்டு என்ற சேர்க்கை உலகெங்கும் எளிய விளையாட்டுக் கணினியின் வாய்பாடாகியது.

சர்வர்களிலிருந்து கழிக்கப்பட்ட இன்டெல் ஜியான் செயலிகளும் உதவின. எல்ஜிஏ 771 வகை ஜியானை, இரண்டு தொடுமுனைகளை இடம் மாற்றும் சிறு ஸ்டிக்கர் ஒட்டி, 775 சாக்கெட்டில் பொருத்தும் முறை 2013 அளவில் பரவியது. கோர் எண்ணிக்கை முக்கியமாகிவந்த நேரம் அது. 2013இன் விளையாட்டுக் கருவிகள் எட்டு கோர் கொண்டிருந்ததால், அடுத்த ஆண்டில் வந்த ‘ஃபார் க்ரை 4’ போன்ற விளையாட்டுகள் ஒரே நேரத்தில் இரண்டு இழைகளை (த்ரெட்) மட்டும் ஓட்டும் இரு கோர் செயலிகளில் தொடங்கவே இல்லை. நான்கு கோர் ஜியான் பழைய 775 போர்டுகளுக்கு மேலும் சில ஆண்டு ஆயுள் தந்தது.

மூடிய சாக்கெட், திறந்த சாக்கெட்

2017இல் இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் செயலிகள் முந்தைய தலைமுறையின் அதே 1151 சாக்கெட் வடிவில் வந்தன. ஆனால் பழைய போர்டுகளில் வேலை செய்யவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் ஏஎம்டி முதல் ரைசன் செயலிகளை ஏஎம்4 சாக்கெட்டில் வெளியிட்டது. 2020 மே மாதத்தில், அடுத்த தலைமுறைச் செயலிகளை 500 வரிசை போர்டுகள் மட்டுமே ஏற்கும் என்று ஏஎம்டி அறிவித்தது. பயனர்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் அதே மாதத்தில் முந்தைய 400 வரிசைக்கும் இடம் கொடுத்தது. 2022இல் அதற்கும் முந்தைய 300 வரிசைக்கும் வழி திறந்தது. அதனால் 2017இல் வாங்கிய பல போர்டுகளில் பயாஸை மட்டும் புதுப்பித்து, 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியைப் பொருத்த முடிந்தது. விளையாட்டில் அன்றைய விலையுயர்ந்த செயலிகளுக்கு அது ஈடுகொடுத்தது.

கிராஃபிக்ஸ் கார்டுச் சந்தை எதிர்த்திசையில் போனது. மின்நாணய அகழ்வுக்காகக் கார்டுகள் மொத்தமாக வாங்கப்பட்டதால் 2017–18இலும் 2021இலும் விலை எகிறியது. 2022 செப்டம்பர் 15 அன்று மின்நாணயமான எதீரியம் அகழ்வு முறையைக் கைவிட்டதும், பயன்படுத்திய கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் குவிந்தன. அவற்றில் பல நன்றாகவே உழைக்கின்றன. ஓய்வின்றி ஓடிய கார்டுகளின் ஃபேனும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கலாம் என்பதால், ஓட்டிப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

மென்பொருள் வகுக்கும் எல்லை

அண்மைக் காலத்தில் பழைய கணினியின் ஆயுளைத் தீர்மானிப்பதில் மென்பொருளின் பங்கு கூடியிருக்கிறது. ஏஎம்டி 2021 ஜூனில் வெளியிட்ட எஃப்எஸ்ஆர் முறை, குறைந்த நுணுக்கத்தில் வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டி வேகத்தைக் கூட்டுகிறது. போட்டி நிறுவனமான என்விடியாவின் பழைய கார்டுகளிலும் அது ஓடியது. மறுபுறம், 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பையும் இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியையும் கேட்கிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. 2025இல் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ ஒளிக்கதிர்த் தடமறியும் வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது. வேகம் போதாமல் அல்ல, வசதி இல்லாததால் விலக்கப்படும் பாகங்களுக்கு இவை எடுத்துக்காட்டுகள்.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான இந்த வழக்கம் ஒரே ஒழுங்கைத்தான் கற்றுத்தருகிறது. எந்தப் பாகம் தேக்குகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். எஸ்எம்பிஎஸ், ஸ்லாட், பயாஸ் ஆகியவை புதிய பாகத்தை ஏற்குமா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே கடைக்குப் போக வேண்டும். மாற்ற வேண்டிய பாகங்கள் மூன்றைத் தாண்டினால், அது மேம்பாடாக இருக்காது. புதிய கணினி வாங்குவதாகவே முடியும். பொது அளவில் அமைந்த ஸ்லாட்டும் சாக்கெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் உள்ள கணினியை முதலிலேயே தேர்ந்தெடுப்பவருக்கு அடுத்த மேம்பாட்டின் செலவு அப்போதே குறைந்துவிடுகிறது.